தலையில் ஒரு புண், வாலடியில் ஒரு புண்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். இரண்டு வருடமாக எட்டுச் சிறுவிடைக் கோழியும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். கூடு 6க்கு 4 அடி. முன்பெல்லாம் பகல் முழுக்க வெளியில் மேயும். பக்கத்துத் தோட்டத்தில் கீரை விதைத்ததும் சண்டை வேண்டாம் என்று இரண்டு மாதமாகக் கூட்டிலேயே அடைத்து, குருணையும் உடைத்த மக்காச்சோளமும் போடுகிறேன். கீரிப்பிள்ளை பயத்துக்கு ராத்திரி முழுக்க உள்ளே பல்பு எரிகிறது. போன வாரம் சந்தையில் ஐந்து மாத விடைக்கோழி நான்கு வாங்கி வந்து, அன்று சாயங்காலமே உள்ளே விட்டேன். நான்காம் நாள் காலையில் ஒரு விடை மூலையில் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. பின்மண்டைத் தோல் கிழிந்து எலும்பு தெரிகிறது. வாலுக்குக் கீழேயும் ரத்தம். பெரிய கறுப்புக் கோழி கொத்தியதை நானே பார்த்தேன். மாமியார் மஞ்சளும் சாம்பலும் வைக்கச் சொல்கிறார். வீட்டுக்காரர் குழம்பு வைத்துவிடலாம் என்கிறார். இது பிழைக்குமா? திரும்பக் கூட்டில் விடலாமா? கறுப்புக் கோழிக்கு மூக்கு, அதாவது அலகு, வெட்டிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதம் கிடைத்த அன்றே போனில் முதலுதவியைச் சொல்லிவிட்டேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, அன்று அவசரத்தில் சொன்னதையும் சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் முதல் கேள்வி. பிழைக்கும் என்றுதான் நினைக்கிறேன். மண்டைத்தோல் உரிந்த கோழி பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் சுத்தமாக வைத்து, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுச் சதை ஏறும். முழுதும் மூட மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். இறகு முளைக்காமல் அந்த இடம் வழுக்கையாக நின்றாலும் கோழிக்கு ஒன்றும் குறைவில்லை. நீங்கள் தலைப்புண்ணைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் வாலடியில் இருக்கும் அந்தச் சின்னப் புண்ணைப் பற்றித்தான். பின்துவாரத்தில் ஒருமுறை ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றக் கோழிகள் விடாமல் கொத்திக் குடலை வெளியே இழுக்கும் வரைக்கும் போகும். அதனால் ரத்தம் கண்ட கோழியை அந்த நிமிடமே வெளியே எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சாயங்காலம் கோழி இருக்காது.

எடுத்ததும் ஒரு பழைய துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, கண்ணை மூடினாற்போல ஓரத்தைப் போர்த்துங்கள். இருட்டானால் அடங்கிவிடும். நெஞ்சை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தே கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி வரும். அப்புறம் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, 9 கிராம் உப்பு, அதாவது ஒன்றரை டீஸ்பூன் கரைத்துக்கொள்ளுங்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவினால் மண், எச்சம், ஒட்டிய இறகுத் துணுக்கு எல்லாம் வந்துவிடும். பஞ்சால் தேய்க்க வேண்டாம், நூல் ஒட்டும். கழுவிய பிறகு போவிடோன் அயோடினை வெளிறிய டீத்தண்ணி நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒருமுறை ஊற்றுங்கள். பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்றினால் புதிதாக ஏறும் சதையும் கருகும். நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடை தினமும் ஊற்றுவதும் இதே தப்புத்தான்.

புண்ணைச் சுற்றியிருக்கும் இறகைக் கத்தரித்துவிடுங்கள், பிடுங்காதீர்கள். புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கினால் இன்னொரு புண்.

தலையைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கோழியின் உடம்பில் நிஜமான காயம் இறகுக்குள்தான் ஒளிந்திருக்கும். இறகுக்குள் வாயால் மெல்ல ஊதிப் பாருங்கள். இறகு பிரிந்து தோல் வெள்ளையாகத் தெரியும். முதுகு, தொடை, இறக்கைக்கு அடியில் விலா, இப்படி ஒவ்வொரு இடமாக ஊதிக்கொண்டே போங்கள். சேவல் மிதிக்கும்போது கால் முள் விலாவைக் கிழித்து, ஒரு விரல் நீளத்துக்குப் பை போலத் தோல் திறந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நான்கைந்து நாள் கழித்து வாடை வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதுகிலோ விலாவிலோ ஆழமாகக் குத்துப்பட்ட இடத்தில், மூச்சு விடும்போது காற்றுக் குமிழி வந்தால் அதற்குள் தண்ணீர் பீய்ச்சவே கூடாது. உள்ளே, கோழி மூச்சுவிட உதவும் காற்றுப்பை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். மூடிக் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். தோல் இரண்டாகப் பிளந்து தொங்கினாலும் அன்றைக்கே கொண்டுபோனால் தையல் போட முடியும். இரண்டு நாள் காய்ந்த தோலைத் தைக்க முடியாது.

மாமியார் சொன்ன மஞ்சள் சரி. சாம்பல் வேண்டாம். அது காரத்தன்மை கொண்டது, புண்ணின் ஈரத்தோடு சேர்ந்து பக்காகி உள்ளே சீழைப் பூட்டிவிடும். மஞ்சளையும் பொடியாகத் தூவாமல், விரலி மஞ்சளை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். மாட்டுப் புண்ணுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் எண்ணெய் ஒன்று உண்டு. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள் 20 கிராம், எல்லாவற்றையும் அரைத்து அரை லிட்டர் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைப்பது. கோழிக்கு அதில் கால்வாசி காய்ச்சினாலே போதும். கண்ணில் படாமல் காலையும் மாலையும் தடவுங்கள். புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது.

ஈ சின்ன விஷயம் இல்லை. நம் ஊர் வெயிலில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு நெளியும். அதிலும் எச்சம் படும் வாலடிப் புண்ணில் சீக்கிரம் வரும். காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள். புழு கண்டால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புத் தண்ணீரில் கழுவி, சீத்தா இலையை அரைத்து முதல் நாள் மட்டும் வைக்கலாம். மாட்டுக்கு ஊற்றுகிற டர்பன்டைன் எண்ணெயைக் கோழிக்கு ஊற்றாதீர்கள். அதன் தோல் காகிதம் மாதிரி, வெந்துவிடும்.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இறந்த மாட்டில் மிச்சமிருந்த இந்த மருந்தைத் தின்றுதான் நம் நாட்டுக் கழுகுகள், பாறுகள் என்று சொல்கிறோமே அவை, கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்ததே அதனால்தான். வலி மருந்து வேண்டுமென்றால் கோழியின் எடை பார்த்து மெலாக்சிகாம் எழுதித் தருவோம். ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். கொடுத்தால் எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக்கூடாது என்பதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

சரி, இனி கோழியை எங்கே வைப்பது? பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். நானும் தோற்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வீட்டுக் கோழி ஒன்றுக்கு இதே மாதிரி மண்டை கிழிந்தது. அடுப்படிக்குப் பக்கத்து அறையில் அட்டைப்பெட்டியில் வைத்துப் பதினெட்டு நாள் வைத்தியம் பார்த்தேன். புண் அழகாக ஆறியது. ஒரு காலையில் கூட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் வந்தபோது ஆறிய இடம் முழுக்கத் திறந்து, கோழி முட்டைப்பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. மறுநாள் செத்துவிட்டது. புண்ணை ஆற்றினேன், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அதை அந்நியமாக்கிவிட்டேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வே நாட்டு தார்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே 1921ல் ஆய்வாக எழுதினார். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் வைத்து. இரண்டு மூன்று வாரம் கண்ணிலேயே படாத கோழி, அதுவும் தலையே மாறிப்போய்த் திரும்பி வந்தால், கூட்டத்துக்கு அது புதுக்கோழிதான். வரிசையில் அதன் இடத்தை முதலிலிருந்து சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

அதனால் அடிபட்ட கோழியை வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் பஞ்சாரம், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை, இருக்கும், இல்லையென்றால் வாரச்சந்தையில் கிடைக்கும். முதல் இரண்டு மூன்று நாள் அதிர்ச்சி தீரும் வரை நிழலில், அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரில் கொஞ்சம் வெல்லமும் துளி உப்பும் கரைத்து மூக்கின் நுனியை மட்டும் நனைத்துக் காட்டுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தானாகக் குடித்துத் தின்ன ஆரம்பித்ததும் பஞ்சாரத்தைக் கூட்டுக்குப் பக்கத்தில், வலையை ஒட்டிக் கவிழ்த்து வையுங்கள். பார்க்கட்டும், சத்தம் கேட்கட்டும், ஒரே நேரத்தில் தீவனம் தின்னட்டும். கொத்த மட்டும் எட்டக்கூடாது. உள்ளே மண் தரை வேண்டாம். சுத்தமான சாக்கைப் போட்டு தினமும் மாற்றுங்கள். தனியாக ஏங்கினால், கூட வாங்கிய விடைகளில் சாதுவான ஒன்றைத் துணைக்கு விடலாம். ஆனால் அது புண்ணைக் கொத்துகிறதா என்று முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

இப்போது ஏன் இப்படி ஆனது என்பதற்கு வருகிறேன். நீங்கள் ஒரு கோழியின் இரண்டு புண்ணைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அவை இரண்டு வேறு வேறு நோய்.

தலைப்புண் வரிசைச் சண்டையில் வந்தது. இடத்துக்காக அடிக்கும் கோழி முகத்தையும் கொண்டையையும் பின்மண்டையையும்தான் குறிவைக்கும். சந்தையிலிருந்து வந்த அன்றே நான்கு முகம் தெரியாத விடைகளை உள்ளே விட்டீர்கள். ஓடித் தப்பிக்க அங்கே இடமில்லை. 24 சதுர அடியில் 13 உருப்படி, தலைக்கு 2 சதுர அடி கூட இல்லை. முன்பு வெளியில் மேய்ந்தபோது அது ராத்திரி அடையும் இடம் மட்டும்தான், அப்போது போதும். நாள் முழுக்க அடைத்து வைக்கப் போதாது. அடிவாங்கும் கோழி தலையைத் தாழ்த்தி ஓடிவிட்டால் அடிக்கும் கோழி திருப்தியாகிவிடும். ஓட முடியாமல் மூலையில் நிற்பதைத்தான் அது விடாமல் அடிக்கும். உங்கள் விடை மூலையில் தலையை நுழைத்து நின்றது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் மனது கஷ்டப்பட்டது.

வாலடிப் புண் அப்படி வந்ததில்லை. கோபத்தில் கோழி வாலடியைக் கொத்தாது. தீனியில் பற்றாக்குறை, நெரிசல், வேலையில்லாமல் நிற்பது, விடிய விடிய வெளிச்சம், இவையெல்லாம் சேர்ந்தால் இறகைப் பிடுங்கித் தின்ன ஆரம்பிக்கும், அப்புறம் தோலுக்கு வரும். ஐந்து மாத விடை முட்டைக்கு வரும் பருவம். முட்டையிட்ட கொஞ்ச நேரம் பின்துவாரத்தின் உட்சதை சிவப்பாக வெளியே தெரியும். இருட்டான முட்டைப்பெட்டியில் இருந்தால் யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடும். உங்கள் கூட்டிலோ ராத்திரியிலும் பல்பு. சிவப்பைக் கண்டால் கோழி கொத்தாமல் இருக்காது. அதைக் கெட்ட குணம் என்று திட்டிப் பயனில்லை.

தீவனத்தையும் பாருங்கள். குருணையில் புரதம் சுமார் 8 சதவீதம், மக்காச்சோளத்தில் 9. முட்டையிடும் கோழிக்கு 16 வேண்டும். மேய்ச்சலில் இருந்தவரை புழுவும் பூச்சியும் கரையானும் தின்று அந்தக் குறையை அவையே சரிசெய்துகொண்டன. அடைத்த பிறகு அது கிடைக்கவில்லை, இறகைத் தின்கின்றன. 10 கிலோவுக்கு மக்காச்சோளம் 5, குருணையும் தவிடும் சேர்ந்து இரண்டரை, கடலைப் புண்ணாக்கு 2, உப்பில்லாத கருவாட்டுத்தூள் அரைக் கிலோ என்று கலந்து, 30 கிராம் உப்பும் தாது உப்புக் கலவையும் சேருங்கள். உப்புக் குறைந்தாலும் கொத்தும், எனவே அதை விடாதீர்கள். புண்ணாக்கில் பூஞ்சை வாடை இருந்தால் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கிளிஞ்சலைத் தனித் தட்டில் வையுங்கள். தண்டங்கீரையோ முருங்கைக் கொத்தோ கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அரை நாள் அதிலேயே போய்விடும்.

பல்பை இன்றைக்கே அணையுங்கள். கீரிக்கு வெளிச்சம் தடையில்லை, அரை அங்குலக் கம்பிவலைதான் தடை. ஒரே தட்டில் தீனி வைத்தால் கறுப்புக் கோழி அதன் முன்னால் நின்றுகொள்ளும். மூன்று இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி வையுங்கள். நைலான் வலையில் 13க்கு 10 அடி அடைப்பு ஒன்று போட்டால் கீரைத் தோட்டக்காரரோடும் சண்டை இல்லை, கோழிக்கும் தலைக்கு 10 சதுர அடி கிடைக்கும். உள்ளே ஒரு பழைய பலகையைச் சுவரில் சாய்த்து, ஒரு கட்டு ஓலையைப் போட்டு வையுங்கள். அடிவாங்கும் கோழிக்கு ஒளிய ஒரு இடம் இருந்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். உட்காரும் கம்பு தலைக்கு 8 அங்குலம் வேண்டும். ராத்திரி டார்ச் அடித்துச் செள்ளுப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அரிப்பெடுத்த கோழியும் கொத்தும்.

மூக்கு வெட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நுனி மழுங்க நகவெட்டியால் ஓர் இழை எடுப்பது வேறு. அதற்கு மேல் போனால் உள்ளே நரம்பும் ரத்தமும் இருக்கிறது, அப்புறம் அந்தக் கோழி தீனி பொறுக்கவே வலியில் தவிக்கும். அதற்குப் பதிலாகக் கறுப்புக் கோழியை நான்கு நாள் கூட்டத்தின் கண்ணில் படாமல் தனியே வையுங்கள். அது இல்லாதபோது மற்றவை தங்களுக்குள் வரிசையை மாற்றிக்கொள்ளும். திரும்பி வரும்போது அதுதான் புதுசு. பெரும்பாலும் வாலைத் தாழ்த்திக்கொண்டுதான் வரும். அப்புறமும் ரத்தம் பார்க்கும் கோழியாகவே இருந்தால் அதைத் தனியே வளர்க்கலாம். வீட்டுக்காரரின் குழம்பு ஆசைக்கு அதைக் கொடுப்பதும் உங்கள் விருப்பம். அடிபட்ட விடையை மட்டும் கொடுக்காதீர்கள், புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும் கோழி சாப்பாட்டுக்கு ஆகாது.

அடுத்த முறை சந்தைக் கோழி வாங்கினால் மூன்று வாரம் தள்ளி வேறிடத்தில் வைத்து, வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டு, அப்புறம் ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கம் பழகவிட்டுச் சேருங்கள். இந்த நேரத்தில் கொண்டையில் மரு மாதிரி சொறி கிளம்பினால் அதைக் கொத்துக்காயம் என்று விட்டுவிடாதீர்கள். கொத்துப்பட்ட தோல் வழியாகவும் கொசுக்கடி வழியாகவும் அம்மை பரவும். அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

கடைசியாக, திரும்ப விடும் நாள். சிவப்பு எங்கும் தெரியாமல் தோல் மூடியிருக்க வேண்டும். காய்ந்த பக்கு உதிராமல் இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். நன்றாக இருட்டிய பிறகு, எல்லாம் கம்பில் ஏறித் தூங்கும்போது, அந்த விடையையும் கூடவே துணைக்கிருந்த விடையையும் ஒன்றாகத் தூக்கிக் கம்பின் ஓரத்தில் உட்கார வையுங்கள். மறுநாள் காலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். விடிவதற்கு முன்பே மூன்று தட்டிலும் தீனியைப் போட்டுவிட்டு, கூட்டைத் திறந்து, அடைப்புக்குள் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருங்கள். இரண்டு கொத்து, ஒரு துரத்தல், விடை ஓடிப் பலகைக்குப் பின்னால் ஒளிதல், இவ்வளவும் நடக்கும். எழுந்திருக்காதீர்கள், அவை பேசி முடிக்கட்டும். இரண்டு கோழி சேர்ந்து ஒன்றை அமுக்கினாலோ, கீழே விழுந்ததை விடாமல் ஏறி அடித்தாலோ, ஒரு துளி ரத்தம் தெரிந்தாலோ அப்போதே எடுத்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு ராத்திரி முயற்சி செய்யலாம்.